கடையை எடுத்துடறேன் என்று சொன்னேன்

1

பொழிச்சலூரில் ஏதாவது ஒரு தெருமுனையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். பென்சிலைக் கைநீளத்துக்கு நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடுங்கள். பத்தே நிமிஷம். உங்களைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அதில் ஒருத்தர்கூட படம் நன்றாக இருக்கிறதே என்று சொல்ல மாட்டார்.

படம் போடுகிற எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. எதிரே இருக்கிற மரம் கதவைப் போல எத்தனை மடங்கு உயரம் என்று பென்சில் முனையாலும் கட்டைவிரலாலும் பார்த்துக்கொள்வோம். ஆனால் இந்த ஊரில் தெருவில் நின்று ஒற்றைக் கண்ணால் வீட்டைப் பார்க்கிறவன் ஒரே ரகம்தான். அவன் அளவு எடுக்க வந்தவன். முதல் நாள், பால் பாக்கெட்டும் கையுமாக நின்ற ஒரு பெரியவர் ரோடு அகலப்படுத்தப் போகிறார்களா என்று கேட்டார். இல்லை சார், சும்மா படம் போடுகிறேன் என்றேன். இல்லைன்னுதான் சொல்லுவீங்க என்று சிரித்துவிட்டு, நகராமல் அங்கேயே நின்றார். மாடியில் துணி காயப்போட்ட அம்மாள் எந்த ஆபீஸ் என்றார். ஸ்கூட்டரில் வந்த ஒருத்தர் இறங்கி, தலைக்கு மேலே தாழப் பறந்துபோன விமானத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஏர்போர்ட்டுக்கு இடம் எடுக்கிறார்களா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் தன் போனில் என்னைப் படம் பிடித்துக்கொண்டு போனார். நான் அவர் தெருவை வரைகிறேன், அவர் என்னைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். கணக்கு நேர்.

நான் ஊரை விட்டுப் போய் இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருஷம். தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். பம்பு செய்கிற கம்பெனியில் டிசைன் வேலை. வெள்ளி விழாவுக்குக் கேக் வெட்டுகிற ஆள் நான் இல்லை. ஆறு வாரம் லீவு போட்டுவிட்டு பொழிச்சலூரில் வசந்தி அக்கா வீட்டுக்கு வந்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க நம் பக்கத்து ஊர்களை வரைந்து நிரப்புவது என்று திட்டம். பக்கத்துக்கு ஓர் இடம். அதன் கீழே அந்த இடத்தின் கதை இரண்டு வரி, அங்கே இருக்கிறவர்கள் வாயாலேயே. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரத்தில் நான் வாயால் சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு இட்லிக் கடை காணாமல் போய்விட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

வார்த்தையில் வழுக்கி விழுவது எனக்குப் புதிதில்லை. அங்கே போன இரண்டாம் வருஷம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆற்றங்கரை பெஞ்சில் ஒரு வயதான அம்மாள் நாயோடு உட்கார்ந்திருந்தார். நல்ல முகம். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். அவர் என்னையே பார்த்தார். மரியாதையாகச் சொல்லிவிடலாமே என்று எனக்கு வந்த ஜெர்மனில் சொன்னேன். வரைவதற்கு அங்கே 'ட்ஸைஷ்னென்' என்று ஒரு சொல். அதற்கு அண்ணன் தம்பி மாதிரி 'அன்ட்ஸைகென்' என்று இன்னொன்று. அதற்குப் போலீசில் புகார் கொடுப்பது என்று அர்த்தம். பதற்றத்தில் நான் தம்பியைக் கூப்பிட்டுவிட்டேன். 'அம்மா, நான் உங்கள் மேல் புகார் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்' என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறேன்.

அவர் எழுந்து போனார். கால் மணி நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அடையாள அட்டை, விசா, முகவரி, நோட்டு. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஏன் இந்தப் பாலம், ஏன் இந்த ஸ்டேஷன், ஏன் இந்தப் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. பள்ளிக்கூடத்தை அதன் கூரைக்காக வரைந்தேன் என்று விளக்க எனக்கு அன்றைக்கு மொழி போதவில்லை. கடைசியில் விட்டுவிட்டார்கள். நான்தான் விடவில்லை. அன்றிலிருந்து மனுஷர்களை வரைவதை நிறுத்தினேன். வீடு, மரம், பாலம், கோபுரம். அவை போலீசைக் கூப்பிடாது. நடுவில் ஆள் வந்தே ஆக வேண்டுமென்றால் முகம் இல்லாமல் ஒரு கோடு.

என் மகள் மீராவுக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். போன வருஷம் அலமாரியிலிருந்த என் நோட்டுகளை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். பதினான்கு நோட்டு. பார்த்து முடித்துவிட்டு, 'அப்பா, இதுல நான் எங்க?' என்று கேட்டாள். அபூர்வமாகத் தமிழில் கேட்டாள். நீ அசையாமல் உட்கார மாட்டாய் என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அவள் நம்பவில்லை. நம்புகிற வயது அவளுக்கு எப்போதோ தாண்டிவிட்டது.

3

அக்கா வீட்டுப் பரணில் என் பழைய சாமான் பெட்டி ஒன்று இருந்தது. அதில் நான் கிளம்பிய வருஷத்து நோட்டு. கடைசிப் பக்கத்தில் எங்கள் தெருமுனை. பூவரச மரம், வளைந்து போகிற ரோடு, பின்னால் மதில். வலது கீழ் மூலையில் தேதி. விமானம் ஏறிய அன்று காலையில் போட்டது. அந்தப் பக்கத்தில் பெரிதாக மஞ்சள் கறை ஒன்று இருந்தது. பரணில் மழை ஒழுகியிருக்கும் என்று அக்காவைக் குறை சொன்னேன். அவள் வீட்டில் ஒரு நாளும் ஒழுகியதில்லை என்று அவள் சண்டைக்கு வந்தாள்.

அதே முனையில்தான் பேபி அக்காவின் தள்ளுவண்டி. அறுபது வயதிருக்கும். நான் வளர்ந்த தெருதான், ஆனாலும் அவர் முகம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. நீலத் தார்ப்பாய், இரண்டு இட்லிக் குண்டான், ஒரு ஸ்டவ், காலையில் ஆறு மணியிலிருந்து பத்து வரை. கோவளத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவர். பழைய பக்கத்தையும் இன்றைய முனையையும் அடுத்தடுத்து வைக்கலாம் என்று யோசித்து அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். இந்த முனையின் கதை என்ன என்று கேட்டேன். இந்த மரம் தான் வந்தபோது இடுப்பு உயரம் என்றார். வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் எதுவரை நின்றது என்று மதிலில் தொட்டுக் காட்டினார். பால் பாக்கெட் பெரியவரும் அதே மதிலில் எனக்குத் தொட்டுக் காட்டியிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் வித்தியாசம். ஊர்க்கதை கேட்கப் போனால் இப்படித்தான். எல்லோரும் ஏதோ ஒன்றைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு அப்போதே வந்துவிட்டது. நான் யாரையும் சுலபமாக நம்புகிறவன் இல்லை, அதை ஒளிக்கவில்லை.

பேசிக்கொண்டே பென்சிலை நீட்டினேன். ஒரு கண்ணை மூடி வண்டியின் உயரத்தைப் பார்த்தேன். நோட்டில் சின்னதாக நாலு எண்கள் குறித்தேன். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மூடிவிட்டுச் சொன்னேன்:

"சரிக்கா, மழை வருது. நாளைக்குக் காலையில வந்து உங்க கடையை எடுத்துடறேன்."

அவர் கையிலிருந்த சட்னிக் கரண்டி பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்தேன், கவனித்தும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் படம் போடுகிற கூட்டத்தில் நாலு தமிழர்கள் இருக்கிறோம். ஸ்டேஷனை எடுத்தேன், பாலத்தை எடுத்தேன் என்றுதான் பேசிக்கொள்வோம். போட்டோ எடுப்பது மாதிரி படமும் எடுப்பது. இருபத்தைந்து வருஷமாக நாலு பேர் ஒரு மொழியைப் பேசினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது உதாரணம்.

மறுநாள் காலை முனையில் வண்டி இல்லை. தரையில் வண்டிச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த இரண்டு செங்கல் மட்டும் இருந்தது. அடுத்த நாளும் இல்லை.

4

அக்காவிடம் சொன்னேன். வசந்தி அக்கா முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவள். நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டேய், கடையை எடுக்கறதுன்னா இங்க ஒரே அர்த்தம்தான்டா. காலி பண்றது. அதுவும் நீ அளவெல்லாம் பார்த்து, நம்பர் எழுதிட்டு, நாளைக்கு எடுத்துடறேன்னு சொன்னா அவ என்ன பண்ணுவா?"

இந்த முனைக்கு வருவதற்கு முன்பு வேறோர் இடத்தில் பேபி அக்காவின் பழைய வண்டியை யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அது திரும்பி வரவே இல்லையாம். அக்கா அதையும் சொன்னாள். அதைவிட மோசமான செய்தி இனிமேல்தான் வந்தது. தெருவோரக் கடைக்காரர்களைக் கணக்கெடுக்க வியாழக்கிழமை ஆள் வருகிறார்கள். அவர்கள் வரும்போது கடை இடத்தில் நிற்க வேண்டும். நின்றால் பெயர் பட்டியலில் ஏறும், அட்டை கிடைக்க வழி உண்டு. இல்லாவிட்டால் அந்த முனை காலி என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். பேபி அக்கா இந்த வியாழக்கிழமைக்காகத்தான் மாசக்கணக்காகக் காத்திருந்தார். இன்று செவ்வாய்.

பேபி அக்கா போனை எடுக்கவில்லை. பம்மலில் இருக்கிற அவர் கொழுந்தனார் வீட்டுக்குப் போனோம். வண்டி பின்பக்கம் தார்ப்பாயில் சுற்றிக் கட்டியிருந்தது. கொழுந்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். வண்டி தன்னுடையது என்று கேட்காமலே சொன்னார். அண்ணி எங்கே என்றதற்குத் தெரியாது என்றார். அக்கா தன் டீச்சர் குரலில் இரண்டு வார்த்தை பேசிய பிறகுதான் கோவளத்தில் தங்கச்சி வீட்டில் என்று வாய் திறந்தார்.

புதன்கிழமை காலை, பல்லாவரத்தில் பஸ் ஏறினோம். கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று போய், மாறி, கடற்கரை ரோட்டில் இன்னொரு பஸ். வழியெல்லாம் அக்கா என்னோடு பேசவில்லை. பெயர் தெரியாத ஒரு ஏரியைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் நோட்டை வெளியே எடுத்தேன். உள்ளே வை என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

5

கோவளத்தில் படகுகள் கரையேறி மீன் விற்பனை ஓய்கிற நேரம். மணலில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த தங்கச்சிக்குப் பக்கத்தில் பேபி அக்கா வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இங்கயும் வந்துட்டியா சார். இது என் கடை இல்ல, என் தங்கச்சி கடை. இத்த எடுக்க ஒனக்கு ரைட்டு கெடயாது."

நான் எந்த ஆபீசும் இல்லை, படம் போடுகிறவன், வசந்தி டீச்சர் தம்பி என்று சொன்னேன். டீச்சர் தம்பி என்றால் ஆபீசில் வேலை செய்யக்கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்படியானால் கார்டைக் காட்டு என்றார். அவசரத்தில் கைக்கு வந்ததை நீட்டினேன். என் ஜெர்மன் அடையாள அட்டை. அதில் ஒரு கழுகு சிறகை விரித்து நிற்கும். பேபி அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தங்கச்சியிடம் கொடுத்தார். தங்கச்சி பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்தார்.

"கழுகு போட்ட ஆபீஸ் எதுடி?" என்று பேபி அக்கா கேட்டார். மூவருக்கும் தெரியவில்லை. சாதாரண ஆபீஸ் இல்லை, பெரிய இடம் என்று முடிவாயிற்று. என் நிலைமை முன்னைவிடக் கேவலமானது.

அட்டை உதவாது என்று நோட்டைக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் போட்ட பதினெட்டுப் பக்கம். மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். கோயில் குளம், பாலத்தடி, பள்ளிக்கூட மதில், எங்கள் தெரு. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. படம் அழகாகத்தான் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"எல்லாம் வூடா கீது. ஆளே இல்லியே சார்," என்றார். "சாயங்காலம் அந்தத் தெருவுல கால் வெக்க எடம் இருக்காது. நீ ஒரு ஜனத்தக்கூட போடல. காலி பண்ண வந்தவன்தான் இப்டி போடுவான்."

எனக்குச் சுருக்கென்றது. மீரா கேட்டதைத்தான் இவரும் கேட்கிறார், வேறு பாஷையில். அதை விட்டு வேறு பக்கம் தாவினேன். நான் இந்த ஊர்க்காரன்தான், இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே முனையை வரைந்திருக்கிறேன் என்றேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, அடையாளம் தெரிகிறது என்று சொன்னார். நீ ஊருக்குப் போற அன்னிக்கு என் கடையிலதான் துன்ன என்று ஆரம்பித்தார். நாலு இட்லி, மிளகாய்ப் பொடி. மடியில் நோட்டு. எண்ணெய் சிந்தியது. துடைக்கத் தினத்தாள் கிழித்துக் கொடுத்தார். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேனாம், கேட்டதற்குக் காரம் என்றேனாம்.

நான் நம்பவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு துளியும் நம்பவில்லை. கார்டைப் பார்த்து, எதிரே நிற்பவன் பெரிய இடம் என்று நினைத்து, உறவு கொண்டாடுகிறார் என்றுதான் தோன்றியது. மதிலில் ஒரு முழம் கூட்டியவர் இதில் ஏன் கூட்ட மாட்டார்? காரத்துக்கு அழுத கதையெல்லாம் யாருக்கும் பொருந்தும். ஆனால் வந்த காரியம் ஆக வேண்டும். பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, இதோ பாருங்கள், தேதிகூட இருக்கிறது என்று அவர் மடியில் வைத்தேன்.

மரத்தைத் தொட்டார். மதிலைத் தொட்டார். மரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தாள்.

"நான் இங்க நின்னுகினு இருந்தேன்," என்றார். குரல் தணிந்துவிட்டது. "அப்பவே என்னிய எட்த்துட்டியா சார்?"

கடல் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு அம்மாள் நெத்திலி விலைக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இவன் ஒரு மண்டு, தமிழ் மறந்துபோன மண்டு, நாளைக்கு வியாழக்கிழமை, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்து, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். பேபி அக்கா துண்டு போட்ட மீனைத் தங்கச்சி பக்கம் தள்ளினார். பிறகு கத்தியைக் கழுவினார்.

"டீச்சர் சொல்றீங்கோ, வர்றேன். இந்த சார நம்பி இல்ல."

திரும்பும் பஸ்ஸில் பேபி அக்காவும் அக்காவும் முன்சீட்டில். பின்னால் தனியாக உட்கார்ந்து பழைய பக்கத்தைப் பார்த்தேன். அந்த மஞ்சள் கறை. ஒழுகிய தண்ணீர் என்றால் விளிம்பிலிருந்து உள்ளே வந்திருக்கும். இது நடுவில் வட்டமாக விழுந்து, தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. வட்டத்தின் ஒரு பக்கம் ஏதோ அழுத்தித் துடைத்த மாதிரி இழுபட்டிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். இழுபட்ட இடத்தில் தினத்தாள் எழுத்து திருப்பிப்போட்டு ஒட்டியிருந்தது. பாதி 'க', ஒரு 'ம்'.

அவர் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அதன் பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். ஒன்றுதான் வந்தது. அந்த நீலத் தார்ப்பாய். அந்நிய தேசத்துக்குக் கொண்டுபோகிற படத்தில் மரமும் ரோடும் போதும், ஒட்டுப்போட்ட தார்ப்பாய் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தது. அவர் கடையில் உட்கார்ந்து, அவர் இட்லியைத் தின்றுகொண்டு, அவரை விட்டுவிட்டு வரைந்திருக்கிறேன். போலீஸ் பயம் எல்லாம் பிறகு வந்தது. வெட்கமாக இருந்தது.

6

வியாழக்கிழமை ஐந்தரைக்கே வண்டி முனையில் நின்றது. செங்கல்லை நான்தான் அண்டக் கொடுத்தேன். அந்த வேலைக்கு மட்டும் என்னை விட்டார்.

ஒன்பதரைக்கு ஒரு பெண்ணும் கூட ஒருத்தரும் வந்தார்கள். பெண்ணின் கையில் டேப், பெரிய போன் மாதிரி. சின்ன வயது, அலுத்துப்போன முகம். பெயர் கேட்டாள், ஆதார் பார்த்தாள். பிறகு டேப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அசையாம நில்லுங்கம்மா. கடையோட சேர்த்து எடுத்துடறேன்."

பேபி அக்கா வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் என் பக்கம் திரும்பியது. "படம் பேபி, படம்," என்று அக்கா பின்னாலிருந்து சொன்னாள். அதன் பிறகுதான் கை தளர்ந்தது. அந்தப் பெண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. அதே வார்த்தைதான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எத்தனை வருஷமாக என்று கேட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் என்றார் பேபி அக்கா. பழைய போட்டோ, ரசீது ஏதாவது இருந்தால் நல்லது என்றாள். இருந்ததெல்லாம் வெள்ளத்தில் போயிற்று. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல். பால் பாக்கெட் பெரியவர், காலையிலிருந்து நான் அந்த நோட்டைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இந்த சாரிடம் பழைய நோட்டு இருக்கிறது, அந்தக் காலத்திலேயே ஊரை அளவெடுத்து வைத்திருக்கிறார் என்று என்னைக் கைகாட்டினார். மூன்று வாரமாக என்னைத் திருடனைப் போலப் பார்த்தவர், நேரம் பார்த்து நம்புகிறார்.

அந்தப் பெண் கையை நீட்டினாள். பேபி அக்கா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. வேண்டாம்தான். தேதி போட்ட பக்கத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறதே. நோட்டு வீட்டில் என்று சொல்லிவிடலாம். ஆனால் நோட்டு என் கையில்தான் இருந்தது, எல்லோரும் பார்க்கிறார்கள். மறைத்தால் சந்தேகம் அவர் மேல்தான் விழும். கொடுத்தேன்.

"தேதி இருக்கு," என்றாள் அந்தப் பெண். "ஆனா இதுல கடை இல்லையே சார்."

"இருந்தது. நான்தான் போடலை."

"ஏன் போடலை?"

இருபது பேர் நின்றார்கள். தார்ப்பாய் அழகாக இல்லை என்று நினைத்தேன், அதனால் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். இவ்வளவு கேவலமான வாக்கியத்தை நான் எந்த மொழியிலும் பேசியதில்லை. பிறகு கறையைக் காட்டினேன். இது இந்தக் கடை எண்ணெய், அன்று காலை இங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், இது அவர் துடைக்கக் கொடுத்த தினத்தாளின் எழுத்து என்று காட்டினேன். அந்தப் பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அதற்கு அவளுக்கு நன்றி.

"எண்ணெயை எந்தக் கட்டத்துல சார் எழுதறது?" என்றாள். டேப்பில் அதற்கு இடம் இல்லையாம். நான் சாட்சி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இங்கேயே குடியிருக்கிறீர்களா என்றாள். இல்லை என்றேன். உள்ளூர் முகவரி வேண்டும் என்றாள். பிறந்த தெருவில் நின்றுகொண்டு சாட்சிக்கு ஆகாதவன் ஆனேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். பால் பாக்கெட் பெரியவர் போட்டார். ஸ்கூட்டர்காரரும் போட்டார். பெயர் ஏறியது. அட்டை எப்போது என்று கேட்டதற்கு மேலே பார்த்துச் சொல்வார்கள் என்றார்கள். மேலே ஒரு விமானம் போயிற்று. பேபி அக்கா அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு, கேட்காமலே தட்டில் நாலு இட்லி வைத்தார். மிளகாய்ப் பொடியில் குழி பறித்து எண்ணெய் ஊற்றினார். சாப்பிட்டேன். அந்தப் பழைய பக்கத்தில் உங்களைப் போட்டுத் தரட்டுமா அக்கா, இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன்.

"வோணாம் தம்பி," என்றார். சார் போய்த் தம்பி வந்ததை நான் கவனித்தேன். "இப்ப போட்டா அது பொய்யி. உட்டது உட்டதாவே இருக்கட்டும். பாக்க சொல்ல ஒனக்கு உறுத்தணும். புதுசுல போடு."

புது நோட்டைப் பிரித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். பென்சிலைக் கைநீளத்துக்கு நீட்டி, பழக்கத்தில், ஒரு கண்ணை மூடினேன்.

"மொதல்ல அந்தக் கண்ணத் தொற," என்றார். "ரெண்டு கண்ணாலயும் பாத்து போடு."

திறந்துகொண்டு போட்டேன். மூக்கு கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. தார்ப்பாய், ஒட்டுகள் உட்பட, அப்படியே வந்திருக்கிறது. அன்று மத்தியானம் அதைப் போனில் படம் பிடித்து மீராவுக்கு அனுப்பினேன். யார் இது என்று கேட்டிருக்கிறாள். திரும்பிப் போனதும் நீ ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று பதில் எழுதினேன். அவள் இன்னும் நம்பவில்லை.